ஸ்பின் வால்வில் எந்த அடுக்கு எவ்வளவு தடிமன்? காந்த மின்தடையை ஏற்றவும் இறக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு மென்படல ஆய்வுக்கு வருகிறவர்கள் ஸ்பின் வால்வு (காந்தப்புலம் பட்டால் மின்தடை மாறும் பல அடுக்கு உலோகப் படலம்) என்றதும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை நானோமீட்டர் போட்டா அதிகப் பர்சன்டேஜ் வருமுங்க?"

ஒற்றை எண்ணாக இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பர்சன்டேஜ் ஒரு பின்னம். மேலே இருப்பது காந்தப்புலத்தால் மின்தடையில் வந்த மாற்றம், கீழே இருப்பது மொத்த மின்தடை. எந்த அடுக்கின் தடிமனைத் தொட்டாலும் மேலும் அசையும், கீழும் அசையும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதவரை கிடைக்கிற வரைபடத்துக்கு விளக்கம் சொல்லவே முடியாது. கீழே சொல்லும் எல்லாப் படிகளிலும் இந்தப் பிரிப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப்போகிறோம்.

அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுவோம்

1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும், ஏறக்குறைய அதே நேரத்தில் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க் குழுவும் இரும்பு-குரோமியம் அடுக்குகளில் ராட்சதக் காந்த மின்தடையைக் கண்டார்கள். 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த அடுக்குகளில் மின்தடையைப் புரட்டிப்போடப் பெரிய காந்தப்புலம் தேவைப்பட்டது. அதை அன்றாடச் சாதனத்துக்கு இறக்கியது ஸ்பின் வால்வு. 1991-இல் ஐபிஎம் அல்மேடன் ஆய்வகத்தில் தியேனி, ஸ்பெரியோசு, பார்க்கின் உள்ளிட்டோர் வெளியிட்ட அமைப்பு இன்றும் பாடம் சொல்லித்தர நல்ல மாதிரி: நிக்கல்-இரும்பு (பெர்மலாய்), அதன்மேல் தாமிரம், மறுபடி பெர்மலாய், அதன்மேல் இரும்பு-மாங்கனீஸ். 1997-இல் ஐபிஎம் ஹார்ட் டிஸ்கின் படிக்கும் தலையில் இது ஏறிவிட்டது.

கீழ்ப் பெர்மலாய் கட்டற்றது. சில ஆர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு) புலத்துக்கே திரும்பும். மேல் பெர்மலாயை எதிர்ஃபெர்ரோகாந்தமான (அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும்) இரும்பு-மாங்கனீஸ் பிடித்து வைத்திருக்கும்; அதனால் அது பூட்டிய அடுக்கு. நடுவில் இருக்கும் தாமிரம் இரண்டையும் காந்தரீதியாகப் பிரித்து வைக்கும், ஆனால் எலக்ட்ரான்களை விட்டுவிடும். இரு காந்த அடுக்குகளும் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக இருந்தால் அதிகம்.

காரணம் இதுதான். பெர்மலாய்க்குள் ஒரு வகைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான் மோதாமல் ஏறத்தாழ 5 நானோமீட்டர் போகும். மற்ற வகை 1 நானோமீட்டர்கூடத் தாண்டாது. இரு அடுக்குகளும் ஒரே திசையில் இருந்தால் முதல் வகைக்கு இரண்டிலும் வழி திறந்திருக்கும். எதிரெதிராக இருந்தால் இரு வகைகளுமே ஏதாவது ஓர் அடுக்கில் அடி வாங்கும். இந்த 5 நானோமீட்டர், 1 நானோமீட்டர் என்ற இரு சராசரி மோதலிடைத் தூரங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தடிமன் எண்களில் பாதி இவற்றிலிருந்துதான் வருகின்றன.

படி 1: தடிமனை நம்பும்படி அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பலர் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் படி இதுதான். தாமிரத்தின் அடுத்தடுத்த அணுத் தளங்களுக்கு இடையே, (111) திசையில், சுமார் 0.21 நானோமீட்டர் இருக்கும். 2.2 நானோமீட்டர் தாமிரத்தில் 10 சதவீதப் பிழை என்றால் ஓர் அணு அடுக்கே காணாமல் போகிறது என்று அர்த்தம். ஸ்பின் வால்வு அந்த ஓர் அணு அடுக்கையும் கவனிக்கும்.

ஸ்பட்டரிங் (ஆர்கான் அயனிகளால் உலோக டார்கெட்டை அடித்து, தெறிக்கும் அணுக்களைப் படலமாகப் படியவைப்பது) செய்யும்போது நேரடியாகத் தடிமனை யாரும் பார்ப்பதில்லை. படிவு வேகத்தை முன்கூட்டியே அளந்து வைத்து, நேரத்தை வைத்துத்தான் போடுகிறோம். "ரேட்டு போன மாசம் பார்த்ததுதானுங்க, இன்னைக்கும் அதேதான் வருமுங்க" என்று லேப்பில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, மறுபடி அளந்துவிடுங்கள். டார்கெட் தேயத் தேயப் பள்ளம் விழுந்து வேகம் மாறும். ஆர்கான் அழுத்தம் கொஞ்சம் நகர்ந்தாலும் மாறும்.

வேகம் அளக்க ஒவ்வோர் உலோகத்தையும் தனியாக 30 நானோமீட்டர் சுமாருக்குப் போட்டு, எக்ஸ் கதிர் எதிரொளிப்பு எடுப்பதுதான் நல்ல வழி. சிறு கோணங்களில் வரும் அலைவுகளின் இடைவெளியிலிருந்து தடிமன் கிடைக்கும். கணக்கு எளிது: அலைநீளத்தைத் தடிமனால் வகுத்தால், இரட்டைக் கோண அச்சில் அலைவு இடைவெளி ரேடியனில் வரும். தாமிரக் குழாயின் கதிருக்கு அலைநீளம் 0.154 நானோமீட்டர். 30 நானோமீட்டர் படலத்துக்கு 0.00513 ரேடியன், அதாவது 0.29 டிகிரி. உங்கள் வரைபடத்தில் இடைவெளி 0.33 டிகிரி இருந்தால் படலம் 27 நானோமீட்டர்தான்.

படிவு வேகத்தை நொடிக்கு 0.1 நானோமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். அந்த வேகத்தில் 2.2 நானோமீட்டர் தாமிரத்துக்கு 22 நொடி. ஷட்டர் அரை நொடி தாமதித்தால் 2 சதவீதம் போகும். அது பரவாயில்லை. நொடிக்கு அரை நானோமீட்டர் என்று ஓட்டினால் மொத்தமே 4 நொடி சொச்சம், அதே ஷட்டர் பத்து சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டுவிடும்.

இன்னொன்று: போட்ட தடிமன் எல்லாமே காந்தமாக இருக்காது. டான்டலத்தை ஒட்டிய பெர்மலாயில் அரை முதல் ஒரு நானோமீட்டர் வரை கலந்துபோய்க் காந்தத் தன்மையை இழக்கும். பல தடிமன்களில் காந்தத் திருப்புத்திறனை அளந்து கோடு போட்டால், அது பூச்சியத்தில் தொடங்காமல் தள்ளித் தொடங்கும். தள்ளிய அளவே அந்தச் செத்த அடுக்கு.

படி 2: ஓர் அடிப்படை மாதிரி, ஒரு கைக்கணக்கு

எதையும் மாற்றும் முன் ஒரு நிலையான மாதிரியை வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து: டான்டலம் 5, பெர்மலாய் 5, தாமிரம் 2.5, பெர்மலாய் 4, இரும்பு-மாங்கனீஸ் 10, டான்டலம் 5 நானோமீட்டர். மின்னோட்டம் படலத்தின் தளத்திலேயே ஓடுகிறது. ஆகவே எல்லா அடுக்குகளும் பக்க இணைப்பில் இருப்பதாகக் கொள்ளலாம். கடத்துதிறன்களைக் கூட்டினால் போதும்.

மென்படலங்களுக்குப் பொருந்துகிற மாதிரி மின்தடை எண்களைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்: பெர்மலாய் 25, தாமிரம் 10, இரும்பு-மாங்கனீஸ் 150, டான்டலம் 200 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். அப்படியானால் கட்டற்ற பெர்மலாய் 20 மில்லிசீமென்ஸ், தாமிரம் 25, பூட்டிய பெர்மலாய் 16, இரும்பு-மாங்கனீஸ் சுமார் 7, இரண்டு டான்டலமும் சேர்ந்து 5. மொத்தம் 73. சதுர மின்தடை (படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை) 14 ஓமுக்குக் கொஞ்சம் கீழே. காந்த அடுக்குகள் புரளும்போது கடத்துதிறன் 3 மில்லிசீமென்ஸ் மாறுவதாக வைத்தால், விகிதம் 4 சதவீதம் சொச்சம்.

இப்போது மேல் டான்டலத்தை எடுத்துவிட்டு 5 நானோமீட்டர் தாமிரத்தால் மூடுவோம் என்று வையுங்கள். ஸ்பின் சார்ந்த 3 மில்லிசீமென்ஸ் பெரிதாக மாறவில்லை. ஆனால் மொத்தம் 73-லிருந்து 120-க்குப் போய்விட்டது. விகிதம் 2.5 சதவீதம்! காந்த அடுக்குகள், இடைமுகங்கள், அவற்றின் தரம் எல்லாம் அப்படியே இருக்க, எண் மட்டும் விழுந்துவிட்டது. காளிங்கராயன் வாய்க்காலில் பயிர் இல்லாத பக்கம் ஒரு மடையைத் திறந்துவிட்ட கதைதான் இது. தண்ணீர் குறையவில்லை, நெல்லுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று எண்களைக் குறித்து வைக்கச் சொல்கிறேன்: சதுர மின்தடை, அதில் வந்த மாற்றம், கடத்துதிறனில் வந்த மாற்றம். விகிதத்தை அப்புறம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தளத்தில் ஓடும் மின்னோட்டத்துக்குக் கடத்துதிறன் மாற்றம்தான் அடிப்படையான அளவு. பயனற்ற அடுக்குகள் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிதாக ஏமாற்றாது.

படி 3: தாமிரத்திலிருந்து தொடங்குங்கள்

ஆறு அடுக்குகளில் மிகக் கூர்மையாகப் பேசுவது தாமிரம். 1.5 நானோமீட்டரிலிருந்து 6 வரை, கீழ்ப்பகுதியில் நெருக்கமாகவும் மேலே போகப்போக அகலமாகவும் தடிமன்களை எடுங்கள். வசதி இருந்தால் ஷட்டரை மெதுவாக நகர்த்தி ஒரே சிலிக்கான் துண்டில் சரிவாகத் தாமிரம் போடலாம். மற்ற அடுக்குகள் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். தனித்தனி மாதிரிகளைவிட அந்த ஒரு துண்டை நான் அதிகம் நம்புவேன்.

தடிமன் கூடும் பக்கம் நடப்பது நேரானது. இரண்டு காரணங்கள் சேர்ந்து எண்ணை இறக்கும். ஒன்று, ஒரு காந்த அடுக்கிலிருந்து மற்றதற்குப் போகும் எலக்ட்ரான் வழியிலேயே மோதித் திசை மாறிவிடும். இந்தப் பங்கு அடுக்குக்குறி வீதத்தில் குறையும். இரண்டு, தாமிரமே மின்னோட்டத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அது வகுக்கும் எண்ணில் உட்காரும். தியேனி தந்த அனுபவச் சூத்திரம் இந்த இரண்டையும்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம் வைத்து, பெருக்கி எழுதுகிறது. உங்கள் தரவைப் பொருத்தும்போது விகிதத்தை மட்டும் பொருத்தினால் இரண்டு நீளங்களும் ஒன்றையொன்று ஈடுகட்டி, எந்த மதிப்புக்கும் கோடு அழகாகப் பொருந்திவிடும். கடத்துதிறன் மாற்றத்தைத் தனியாகப் பொருத்தி முதல் நீளத்தை எடுங்கள், மொத்தக் கடத்துதிறனிலிருந்து இரண்டாவதை எடுங்கள்.

தடிமன் குறையும் பக்கம்தான் சிக்கல். சூத்திரப்படி தாமிரம் மெலிய மெலிய எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடைமுறையில் 2 நானோமீட்டரை நெருங்கும்போது சடாரென்று விழும். எலக்ட்ரான்கள் மேல் குற்றமில்லை. காந்த அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எதிரெதிர் நிலையே உருவாகாவிட்டால் மின்தடை மாற எதுவும் இல்லை.

பிடிப்புக்கு மூன்று வழிகள். தாமிரத்தில் நுண்துளை விழுந்து இரண்டு பெர்மலாயும் நேரடியாகத் தொட்டுக்கொள்வது முதலாவது. இரண்டாவது நேயல் பிணைப்பு: இடைமுகங்கள் அலை அலையாக இருந்தால், மேடும் பள்ளமும் எதிரெதிரே அமைந்து அடுக்குகளை ஒரே திசைக்கு இழுக்கும். அலையின் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப இது வளரும், தாமிரத் தடிமனுடன் அடுக்குக்குறி வீதத்தில் தேயும், கட்டற்ற அடுக்கு மெலிந்தால் கூடும். மூன்றாவது, பார்க்கின் 1990-91-இல் காட்டிய ஊசலாடும் பிணைப்பு. கோபால்ட்-தாமிர அடுக்குகளில் எதிரெதிர்ப் பிணைப்பு ஏறத்தாழ 0.9, 2, 3 நானோமீட்டர்களில் உச்சம் தொடும். நடுவில் குறி மாறும்.

இதில் எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க மின்தடை வளைவையே நெருங்கிப் பாருங்கள். கட்டற்ற அடுக்கு மட்டும் புரளும் அளவுக்குச் சிறு புலத்தில் மட்டும் ஓட்டி, அந்தச் சிறு வளையத்தின் நடுப்புள்ளி பூச்சியத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று குறியுங்கள். தாமிரத் தடிமனுக்கு எதிரே அந்தத் தள்ளலை வரையுங்கள். சீராகத் தேய்ந்தால் நேயல். ஏறி இறங்கி அலைந்தால் ஊசலாட்டம். வளையமே இரண்டாகப் பிரியாமல், இரு அடுக்குகளும் ஒன்றாகப் புரண்டால் துளை. துளைதான் என்றால் தாமிரத்தைத் தடித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அடியில் உள்ள டான்டலத்தையும், அடித்தள அழுத்தத்தையும் (ஆர்கான் விடும் முன் அறையில் உள்ள வெற்றிட அழுத்தம்) சரிபார்த்துவிட்டு 2 முதல் 2.5-க்குள் நிற்கப் பாருங்கள்.

படி 4: கட்டற்ற அடுக்கு

இங்கே வரைபடம் ஏறி, உச்சம் தொட்டு, மெதுவாக இறங்கும். பெர்மலாய்க்கு உச்சம் பெரும்பாலும் 5 முதல் 10 நானோமீட்டருக்குள் வரும்.

ஏறுவதற்குக் காரணம் நாம் முன்பு பார்த்த இரண்டு தூரங்கள். மோசமாக மோதும் வகையை நிறுத்த 1 நானோமீட்டரே போதும். ஆனால் நன்றாக ஓடும் வகைக்கு அதன் 5 நானோமீட்டர் ஓட்டத்துக்கு இடம் வேண்டும். அடுக்கு 2 நானோமீட்டர்தான் என்றால் அது வெளிப்புறத்தில் டான்டலத்தில் போய் முட்டி, இரு வகைக்குமான வித்தியாசம் மங்கிவிடும். அடுக்கு தடிக்கத் தடிக்க வித்தியாசம் முழுதாக வெளிப்படும், அதன்பின் நிறைவடையும். நிறைவடைந்த பிறகு போடும் ஒவ்வொரு நானோமீட்டரும் வெறும் பக்கவழி. நம் கைக்கணக்கில் 5-ஐ 15 ஆக்கினால் 40 மில்லிசீமென்ஸ் கூடி மொத்தம் 113 ஆகும்; மாற்றம் அதே 3 என்றால் விகிதம் 2.7 சதவீதம்.

மெலிந்த அடுக்குதான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கட்டற்ற அடுக்கின் வெளிப்புறம் 1 நானோமீட்டர் அளவுக்குத் தாமிரம் போட்டால், நன்றாக ஓடும் வகை அங்கே தன் ஓட்டத்தைத் தொடரும். அடுக்கு 3 நானோமீட்டருக்கும் கீழே இருக்கும்போது இது கைகொடுக்கும்; ஏற்கெனவே தடித்த அடுக்கில் போட்டால் நஷ்டம்தான்.

பெர்மலாய்க்கும் தாமிரத்துக்கும் நடுவே மிக மெல்லிய கோபால்ட் பூச்சு இட்டால் எண் கணிசமாக ஏறும் என்று பார்க்கின் 1993-இல் காட்டினார். அரை நானோமீட்டருக்குள்ளேயே பலன் தெரியத் தொடங்கும். நிக்கலும் தாமிரமும் எந்த விகிதத்திலும் கலந்துகொள்ளும் ஜோடி. கோபால்ட்டும் தாமிரமும் சேராது. அதனால் இடைமுகம் கூர்மையாக நிற்கும். ஆனால் கோபால்ட்டைத் தடித்துக்கொண்டே போனால் கட்டற்ற அடுக்கு விறைத்துவிடும், சிறு புலத்துக்குத் திரும்பாது.

படி 5: பூட்டிய அடுக்கும் பூட்டும்

எதிர்ஃபெர்ரோகாந்தம் கொடுக்கும் பிடிப்பு இடைமுகத்தில் மட்டும் பிறக்கிறது. ஆகவே பூட்டுப் புலம் பூட்டிய அடுக்கின் தடிமனுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 4 நானோமீட்டரை 8 ஆக்கினால் பூட்டு பாதியாகும். 2 ஆக்கினால் இரட்டிக்கும், ஆனால் மேலே சொன்ன மோதலிடைத் தூரக் கணக்கு இங்கும் செல்லும். ஸ்பின் வித்தியாசம் குறையும். 3-க்கும் 4-க்கும் நடுவே நிற்பது பழக்கமான சமரசம்.

எதிர்ஃபெர்ரோகாந்தத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு. அதற்குக் கீழே பூட்டே இருக்காது. இரிடியம்-மாங்கனீஸ் சில நானோமீட்டரிலேயே பிடிக்கும். இரும்பு-மாங்கனீஸுக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். பிளாட்டினம்-மாங்கனீஸுக்கு 10-க்கு மேல் போட்டு, காந்தப்புலத்தில் 250 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பதப்படுத்தவும் வேண்டும். மிக அதிகம் சூடாக்கினால் மாங்கனீஸ் கீழே இறங்கித் தாமிரம் வரை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரும்பு-மாங்கனீஸ் 150 டிகிரி சுமாரிலேயே பிடியை விட்டுவிடும் என்பதால், சூடான இடத்தில் பொருத்தும் சென்சாருக்கு அது வேண்டாம்.

வலுவான பூட்டு வேண்டுமென்றால் பூட்டிய அடுக்கை இரண்டாகப் பிரித்து நடுவே ருத்தேனியம் வைப்பார்கள். 0.8 நானோமீட்டரை ஒட்டி வைத்தால் இரு பாதிகளும் எதிரெதிராக உறுதியாகப் பிணையும். இங்கே 0.2 நானோமீட்டர் தவறினாலும் ஆட்டம் மாறிவிடும். படி 1-ஐ நன்றாகச் செய்யாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

படி 6: அடியும் மூடியும்

அடி டான்டலம் 3 முதல் 5 நானோமீட்டர் போதும். (111) அமைப்பு ஒழுங்காக வளர அது வேண்டும். மூடி டான்டலமும் அவ்வளவே. மேற்புறம் ஆக்சைடாகி உள்ளே இருப்பதைக் காக்கும். இரண்டுமே மின்னோட்டத்தை அதிகம் திருடாது.

படி 7: அளக்கும் இடத்து வெப்பம்

சித்திரை மதியத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ ஏ.சி. ஓடி ஓடி நிற்கும் அறையில் மின்தடை அளந்தால் காந்த மின்தடையோடு வெயிலும் சேர்ந்து பதிவாகும். உலோகப் படலத்தின் மின்தடை டிகிரிக்கு 0.1 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தாலும், 5 டிகிரி நகர்ந்தால் அரை சதவீதம். நீங்கள் தேடுவதோ 4 சதவீதம். வளைவின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் மூடவில்லை என்றால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

நான்கு முனை அளவியைப் பயன்படுத்துங்கள். புலத்தை ஒரு பக்கமாக ஏற்றி இறக்குவதோடு நிற்காமல் இரு பக்கமும் முழுச் சுற்று ஓட்டுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் எடுத்த சுற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மின்னோட்டத் திசையைப் புலத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் வைத்து இரண்டு முறை அளப்பது நல்லது: பெர்மலாய்க்கு இயல்பாகவே உள்ள திசைசார் காந்த மின்தடை இரண்டுக்கும் நடுவே வித்தியாசமாகத் தெரியும், ஸ்பின் வால்வின் பங்கு மாறாது.

மின்னோட்டம் குறுக்கே போனால்

இதுவரை சொன்னது படலத்தின் தளத்தில் ஓடும் மின்னோட்டத்துக்கு. படலத்துக்குச் செங்குத்தாக மின்னோட்டம் விட்டால் அடுக்குகள் தொடரிணைப்பில் வந்துவிடும். தாமிர மூடி தொல்லை செய்யாது, மின்தடை அதிகமான எதிர்ஃபெர்ரோகாந்தம் தொல்லை செய்யும். நீள அளவுகோலும் மாறும்: மோதலிடைத் தூரத்துக்குப் பதிலாக, ஸ்பின் தன் திசையை மறக்கும் வரை பரவும் தூரம். வாலெ, ஃபெர்ட் 1993-இல் தந்த கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. பெர்மலாயில் அந்தத் தூரம் 5 நானோமீட்டர் அளவு, கோபால்ட்டில் பத்துக்கணக்கில், தாமிரத்தில் நூற்றுக்கணக்கில். ஆகவே அங்கே தாமிரம் 2.5-ஆ 5-ஆ என்பது பெரிய கேள்வியே இல்லை. ஆனால் மின்தடை அளக்கும் அளவுக்கு இருக்க நூறு நானோமீட்டர் அளவில் தூண்கள் செதுக்க வேண்டும்; அந்த வசதி உள்ளவர்களுக்கு மட்டும்.

சென்சாருக்குத் தடிமன் தேர்ந்தெடுக்கும்போது

கோவை பம்ப், மோட்டார், நூற்பாலை இயந்திரங்களில் சுழல் வேகம் படிக்கவோ மின்னோட்டம் அளக்கவோ ஒரு சென்சார் செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு அதிகபட்சப் பர்சன்டேஜ் தேவையில்லை, புலம் ஓர் ஆர்ஸ்டெட் மாறினால் மின்தடை எவ்வளவு மாறுகிறது என்பதே தேவை. 4 சதவீதம் 5 ஆர்ஸ்டெட்டுக்குள் கிடைப்பது, 6 சதவீதம் 40 ஆர்ஸ்டெட்டில் கிடைப்பதைவிட மேல்.

அதற்குத் தாமிரத்தை உச்சத்தில் நிறுத்தாமல், வளையத் தள்ளல் பூச்சியத்தை நெருங்கும் அளவுக்கு, 2.5 முதல் 3 நானோமீட்டர் வரை தள்ளி வையுங்கள். விகிதத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். கோபால்ட் பூச்சை அரை நானோமீட்டருக்குள் நிறுத்துங்கள். இரு காந்த அடுக்குகளின் எளிய அச்சுகளையும் (காந்தமாக்கம் இயல்பாக நிற்க விரும்பும் திசைகள்) ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் அமைத்தால் வளைவு நேர்கோடாகும், வளையத்தின் அகலமும் சுருங்கும். மோட்டார் உடம்பில் பொருத்துவதானால் இரும்பு-மாங்கனீஸை விட்டுவிட்டு இரிடியம்-மாங்கனீஸுக்கு மாறுங்கள். எதிர்ஃபெர்ரோகாந்தத்தை மாற்றியதும் பூட்டிய அடுக்கின் தடிமனை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பழைய மாதிரியின் 4 நானோமீட்டர் இதற்கும் சரியாக வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.